சின்ன லேப்டாப்பா, பவர்ஃபுல் லேப்டாப்பா? வாங்கும் முன் முடிவு செய்யும் முறை

எங்கள் அலுவலகத்தில் யாருக்கு எந்த லேப்டாப் என்று பார்த்து வாங்கித் தரும் பொறுப்பு என்னுடையது. கட்டிட வரைபடம் போடுபவர்கள், கணக்குப் பார்ப்பவர்கள், சைட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே அலைபவர்கள், வீடியோ எடிட் செய்பவர்கள் என்று பலவிதமான ஆட்கள். புது லேப்டாப் என்றதும் பெரும்பாலானவர்கள் கேட்பது ஒன்றுதான்: “இருக்கிறதிலேயே பவர்ஃபுல்லா ஒண்ணு கொடுங்க.” கொடுத்தால், சில மாதங்களில் அதே ஆள் திரும்பி வருவார். தோள் வலிக்கிறது, மீட்டிங் முடிவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது, ஃபேன் சத்தத்தில் போன் பேச முடியவில்லை. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கியவர், பெரிய முப்பரிமாண மாடலைத் திறந்ததும் மெஷின் திணறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இரண்டு தரப்பையும் பார்த்த பிறகு, யார் வந்து கேட்டாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி இது: உங்கள் மெஷின் பத்து நிமிஷத்துக்கு மேல் இடைவிடாமல் முழு வேகத்தில் ஓட வேண்டிய வேலை வாரத்தில் எத்தனை முறை வருகிறது? அந்த நேரத்தில் நீங்கள் எங்கே உட்கார்ந்திருப்பீர்கள், பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்குமா? கீழே எழுதியிருப்பது எல்லாம் இந்தக் கேள்விக்குச் சரியான பதிலைக் கண்டுபிடிக்கத்தான்.

முதலில் பழைய மெஷினைக் கேளுங்கள்

இப்போது கையில் இருக்கும் கம்ப்யூட்டர் எதுவாக இருந்தாலும் சரி, புதிதாக என்ன தேவை என்பதை அதுவே சொல்லிவிடும். கடைக்காரரை விட, ஸ்பெக் பட்டியலை விட, நான் நம்புவது இதைத்தான்.

விண்டோஸ் என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீயையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், அதை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். காலியான மெஷினில் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. எப்போதும் திறந்து வைத்திருக்கும் பிரவுசர் டேப்கள், வீடியோ கால், எக்செல், வரைபட மென்பொருள் எல்லாம் திறந்திருக்கட்டும். “ஸ்லோவாக இருக்கிறது” என்று எரிச்சல் வரும் அந்தக் கணத்தில் திரும்பிப் பாருங்கள்: எந்தக் கோடு உச்சியில் நிற்கிறது?

மெமரி 90 சதவீதத்தைத் தொட்டு நிற்கிறது, ஆனால் சி.பி.யு. (ப்ராசசர்) சும்மா கிடக்கிறது என்றால் உங்கள் பிரச்சினை ரேம், அதாவது அந்த மெமரிதான். பெரிய ப்ராசசர் வாங்கி ஒன்றும் ஆகப்போவதில்லை. 16 அல்லது 32 ஜி.பி. ரேம் உள்ள சின்ன லேப்டாப் உங்களுக்குப் போதும். என்னிடம் “பவர் பத்தலை” என்று வந்தவர்களில் நிறைய பேருக்கு இருந்த வியாதி இதுதான். 8 ஜி.பி. ரேமை வைத்துக்கொண்டு, ஐம்பது டேப் திறந்து, ப்ராசசரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

சி.பி.யு. சில நொடிகள் 100-ஐத் தொட்டுவிட்டு இறங்கிவிடுகிறது என்றால், அது சின்ன லேப்டாப் நன்றாகச் செய்யும் வேலை. ஏறினது இறங்கவே இல்லை, காபி குடித்துவிட்டு வந்தாலும் அங்கேயே நிற்கிறது என்றால் பெரியதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஜி.பி.யு. (கிராபிக்ஸ் சிப்) கோடு உச்சியில் நிற்கிறது என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் தீராது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. டாஸ்க் மேனேஜர் காட்டும் சி.பி.யு. சதவீதம் ப்ராசசருக்குள் இருக்கும் எல்லா கோர்களுக்கும் (வேலை செய்யும் தனித்தனிப் பகுதிகள்) சேர்த்துச் சராசரி. 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசைகள்) உள்ள ப்ராசசரில் ஒரே ஒரு த்ரெட் மட்டும் முழுதாக ஓடினால் வெறும் 6 சதவீதம் என்றுதான் காட்டும். ஆனால் உங்கள் வேலை அந்த ஒன்றுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கும். கிராஃப் மேல் ரைட் கிளிக் செய்து, ஒவ்வொரு லாஜிக்கல் ப்ராசசரையும் (த்ரெட்டுக்கு ஒன்று) தனித்தனியாகக் காட்டும்படி மாற்றிப் பாருங்கள். ஒரே ஒரு கட்டம் மட்டும் நிரம்பி, மற்றவை காலியாக இருந்தால், அந்த மென்பொருள் ஒரு கோரை மட்டுமே பயன்படுத்துகிறது என்று அர்த்தம். ஆட்டோகேடில் செய்யும் இரு பரிமாண வேலை பெரும்பாலும் இப்படித்தான். எக்செல் மேக்ரோக்களும் அப்படியே. இந்த மாதிரி வேலையில் ஒரே தலைமுறையைச் சேர்ந்த சின்ன லேப்டாப்புக்கும் பெரிய லேப்டாப்புக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. பெரியதில் கூடுதலாக இருக்கும் கோர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

மேக் வைத்திருப்பவர்கள் ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பிரஷர் என்ற கிராஃபைப் பார்க்கலாம். பச்சையாக இருந்தால் ரேம் போதும். மஞ்சளோ சிவப்போ அடிக்கடி வந்தால் அடுத்த மெஷினில் ரேமைக் கூட்டுங்கள்.

இந்தக் கவனிப்பை ஒரு வேலை வாரம் முழுக்கச் செய்யுங்கள். திங்கட்கிழமை செய்யும் வேலையும் மாதக் கடைசியில் செய்யும் வேலையும் ஒன்றாக இருக்காது.

பவர் என்பது கடைசியில் வாட்ஸ்

இரண்டு லேப்டாப்பின் ஸ்பெக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். கோர் எண்ணிக்கை, கிகாஹெர்ட்ஸ், ரேம் எல்லாம் அருகருகே வரும். ஆனால் ஒன்று 1.2 கிலோ, இன்னொன்று 2.4 கிலோ. அந்தக் கூடுதல் எடையில் பெரும்பகுதி எதற்கு என்று தெரிந்துகொண்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். வெப்பத்தை வெளியேற்றத்தான்: தடித்த செப்புக் குழாய்கள், இரண்டு ஃபேன், காற்று போக இடம், இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கப் பெரிய பேட்டரி.

ப்ராசசர் எவ்வளவு மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறதோ அவ்வளவும் கடைசியில் வெப்பமாக வெளியே வரும். உள்ளே வெப்பம் சேர்ந்து, 100 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போனால், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதைத்தான் த்ராட்லிங் என்கிறார்கள். ஆக, ஒரு லேப்டாப் நீண்ட நேரத்துக்கு எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை முடிவு செய்வது, அந்த உடம்பு எத்தனை வாட் வெப்பத்தை வெளியே தள்ளும் என்பதுதான்.

ப்ராசசர் பெயரின் கடைசியில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். இன்டெலில் யு என்று முடிந்தால் வழக்கமாக 15 வாட் அடிப்படையில் வடிவமைத்தது. எச் என்றால் மாடலைப் பொறுத்து 28 அல்லது 45 வாட். எச்.எக்ஸ். என்றால் 55. ஏ.எம்.டி.யிலும் யு, எச்.எஸ்., எச்.எக்ஸ். என்று இதே போல வரிசை இருக்கிறது. இந்த எண்கள் அடிப்படை அளவு மட்டுமே. 15 வாட் ப்ராசசர்கூட முதல் சில நொடிகளுக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு எடுத்துக்கொண்டு பாயும், அப்புறம் மெதுவாக இறங்கும். சின்ன லேப்டாப் தினசரி வேலையில் இவ்வளவு சுறுசுறுப்பாகத் தெரிவதற்குக் காரணம் இந்தப் பாய்ச்சல். ஒரு ஃபைலைத் திறப்பது, ஒரு பக்கம் லோட் ஆவது, ஒரு போட்டோவைத் திருத்துவது எல்லாம் அந்தச் சில நொடிகளுக்குள் முடிந்துவிடும். முப்பரிமாண மாடலைப் படமாக்கும் அரை மணி நேர ரெண்டரிங் அதற்குள் முடியாது. வித்தியாசம் வெளியே தெரிவது அங்கேதான்.

மேக்புக் ஏர் இதற்கு நல்ல உதாரணம். 2020-ல் எம்1 சிப்போடு வந்ததிலிருந்து அதில் ஃபேனே கிடையாது. குறுகிய வேலைகளில் மேக்புக் ப்ரோவுக்கு ஈடாக ஓடும். நீண்ட நேரம் அழுத்தினால், அதே சிப் போட்ட, ஃபேன் உள்ள ப்ரோ தாக்குப் பிடிக்கும். ஏர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

அதனால் ரிவ்யூ பார்க்கும்போது ஒரு தடவை ஓட்டி எடுத்த பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சினிபெஞ்ச் மாதிரியான சோதனையைத் திரும்பத் திரும்ப, பத்து நிமிஷமோ அரை மணி நேரமோ ஓட்டி, முதல் சுற்றில் வந்த எண்ணையும் கடைசிச் சுற்றில் வந்த எண்ணையும் ஒப்பிட்டுச் சொல்கிறார்களா என்று தேடுங்கள். இரண்டுக்கும் நடுவே விழும் பள்ளம்தான் அந்த உடம்பின் உண்மையான திறமையைக் காட்டும்; பள்ளம் சிறிதாக இருந்தால் நல்லது. ஒரே ப்ராசசர் இரண்டு கம்பெனி லேப்டாப்பில் இரண்டு விதமாக ஓடுவது இதனால்தான்.

கிராபிக்ஸ் கார்டில் இந்த வித்தியாசம் இன்னும் மோசம். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4060 லேப்டாப் கார்டை, மெஷினைத் தயாரிப்பவர் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் அமைத்துக்கொள்ளலாம். பெட்டியின் மேல் எல்லாவற்றிலும் ஒரே பெயர்தான் இருக்கும். மெல்லிய லேப்டாப்பில் குறைந்த வாட்ஸில் அடைத்த 4060-க்கும், தடித்த லேப்டாப்பில் முழு வாட்ஸில் ஓடும் 4060-க்கும் பெரிய இடைவெளி. ஸ்பெக் பக்கத்தின் அடியில் டி.ஜி.பி. என்று, கார்டுக்கு எத்தனை வாட் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் ஒரு எண் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதைச் சொல்லாத லேப்டாப்பை, கிராபிக்ஸ் வேலைக்காக வாங்கச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அதேபோல, டெஸ்க்டாப் கார்டின் பெயரும் லேப்டாப் கார்டின் பெயரும் ஒன்றாக இருந்தால் திறனும் ஒன்று என்று நினைக்காதீர்கள். ஆர்.டி.எக்ஸ். 4090 டெஸ்க்டாப்பில் 24 ஜி.பி. மெமரியோடு வருகிறது, லேப்டாப்பில் அதே பெயருக்கு 16 ஜி.பி.தான், உள்ளே இருக்கும் சிப்பும் வேறு.

ஒரு வாரம் சுமந்து பாருங்கள்

எடையைப் பற்றி எண்ணில் யோசித்தால் ஏமாந்துபோவோம். ஒரு கிலோ வித்தியாசம் தானே என்று தோன்றும். சார்ஜரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சின்ன லேப்டாப்பின் 65 வாட் சார்ஜர் போன் சார்ஜரை விடக் கொஞ்சம்தான் பெரியது, 200 கிராமுக்குள் அடங்கிவிடும். பெரிய லேப்டாப்போடு வரும் 230, 330 வாட் சார்ஜர் செங்கல் மாதிரி இருக்கும். வயரோடு சேர்த்தால் முக்கால் கிலோ, சிலது ஒரு கிலோ. அதை வீட்டில் வைத்துவிட்டும் போக முடியாது. அது இல்லாமல் மெஷின் அரைகுறையாகத்தான் ஓடும். ஆக உண்மையான கணக்கு 1.4 கிலோவா, 3.2 கிலோவா என்பது.

கடையில் ஒரு நிமிஷம் தூக்கிப் பார்ப்பதில் இது புரியாது. நான் சொல்லும் வழி: இப்போது சுமக்கும் பையில், லேப்டாப்பை எடுத்துவிட்டு, மூன்று லிட்டர் தண்ணீரை பாட்டில்களில் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதோடு உங்கள் வழக்கமான பயணத்தை ஒரு வாரம் செய்யுங்கள். படி ஏறுங்கள், பஸ்ஸில் நில்லுங்கள், நடங்கள். அடுத்த வாரம் ஒன்றரை லிட்டரோடு அதையே செய்யுங்கள். இதைச் செய்துவிட்டு வந்த பலர், நான் ஒன்றும் சொல்லாமலே முடிவெடுத்துவிட்டார்கள். சிலருக்கு மூன்று கிலோ ஒரு பொருட்டே இல்லை என்றும் தெரியவந்தது. காரில் வைத்து, மேஜையில் இறக்கி, மாலை திரும்ப எடுத்துப் போகிறவருக்கு எடையைப் பற்றி நான் ஏன் பாடம் எடுக்க வேண்டும்? அவர் தைரியமாகப் பெரியதை எடுக்கலாம்.

பேட்டரி: வகுத்தல் கணக்கு போதும்

“18 மணி நேரம் நிற்கும்” என்று விளம்பரத்தில் போடுவார்கள். அதை விடுங்கள். ஸ்பெக்கில் வாட்-ஹவர் என்று பேட்டரியின் கொள்ளளவு இருக்கும். அதை, மெஷின் சராசரியாக எத்தனை வாட் எடுக்கிறதோ அதால் வகுத்தால் மணி நேரம் வந்துவிடும். எழுத்து வேலை, பிரவுசர், மெயில் என்று இருக்கும்போது நல்ல சின்ன லேப்டாப் சுமார் 7 வாட்தான் எடுக்கும். 56 வாட்-ஹவர் பேட்டரி என்றால் எட்டு மணி நேரம். பெரிய லேப்டாப் அதே வேலைக்கு, கிராபிக்ஸ் கார்டு முழுதாகத் தூங்காமல் இருந்தால், 18 வாட் எடுக்கலாம். 90 வாட்-ஹவர் பேட்டரி இருந்தும் ஐந்து மணி நேரத்தோடு சரி. முழு வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரம் தாண்டுவதே கஷ்டம்.

பெரிய லேப்டாப்பில் பேட்டரியையும் இஷ்டத்துக்குப் பெரிதாக்கிவிடலாமே என்று கேட்பார்கள். விமானத்தில் அனுமதியில்லாமல் கொண்டுபோகக்கூடிய லித்தியம் பேட்டரியின் எல்லை 100 வாட்-ஹவர். அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதனால்தான் மிகப் பெரிய லேப்டாப்களின் பேட்டரிகூட 99 வாட்-ஹவரோடு நின்றுவிடுகிறது. மெஷின் எவ்வளவு பசியோடு இருந்தாலும் தீனிக்கு ஒரு வரம்பு உண்டு.

இதையும் விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. 200 வாட்டுக்கு மேல் இழுக்கும் லேப்டாப்புக்கு அந்த அளவு மின்சாரத்தை பேட்டரியால் ஒரேயடியாகக் கொடுக்க முடியாது. பிளக்கைப் பிடுங்கிய உடனே ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்த பவர், பிளக் பாயின்ட் இருக்கும் இடத்தில் மட்டும்தான் முழுதாக உங்களோடு இருக்கும். ரயிலில், மரத்தடியில், மாநாட்டு அரங்கின் நடு வரிசையில் அது கனமான சாதாரண லேப்டாப். ஆப்பிளின் எம் வரிசை மெஷின்கள் இதற்கு விதிவிலக்கு. பேட்டரியிலும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடும். அலைந்துகொண்டே கனமான வேலை செய்ய வேண்டியவர்கள், தங்கள் மென்பொருள் மேக்கில் ஓடும் என்றால், 14 இன்ச் மேக்புக் ப்ரோவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஏறக்குறைய 1.6 கிலோவில் அந்த வேலைக்கு வேறு நல்ல பதில் எனக்குத் தெரிந்து குறைவு.

சார்ஜிங்கில் இன்னொன்று: யூ.எஸ்.பி. டைப்-சி வழியாக சார்ஜ் ஆகிறதா என்று கேளுங்கள். பெரிய லேப்டாப்களில் பலவும் தனி பின் வைத்த சார்ஜரோடுதான் வருகின்றன. ஆனால் அவற்றிலும் சில, லேசான வேலைக்கு 100 வாட் டைப்-சி சார்ஜரை ஏற்றுக்கொள்ளும். அப்படி இருந்தால் செங்கலை மேஜையிலேயே விட்டுவிட்டு, சின்ன சார்ஜரோடு வெளியே போகலாம். இந்த ஒரு வசதிக்காகவே இரண்டு மாடலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

திரை, கீபோர்டு, போர்ட்

“15 இன்ச் பழகிவிட்டது, 14-க்கு வந்தால் கண் வலிக்கும்” என்று சொல்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. இன்ச் என்பது மூலைக்கு மூலை அளப்பது. பழைய 15.6 இன்ச் திரை 16:9 விகிதம், உயரம் 19.4 சென்டிமீட்டர். இப்போது வரும் 14 இன்ச் திரைகளில் பல 16:10, உயரம் 18.8 சென்டிமீட்டர். வித்தியாசம் 6 மில்லிமீட்டர்தான். பக்கம் பக்கமாக எழுதுபவர், படிப்பவர், புரோகிராம் எழுதுபவர் எல்லோருக்கும் வேண்டியது உயரம். அதில் இழப்பு ஒன்றும் இல்லை. அகலத்தில் நாலு சென்டிமீட்டருக்கு மேல் போகிறது. இரண்டு ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்களும், நீளமான எக்செல் ஷீட்டில் வாழ்பவர்களும், வீடியோ டைம்லைன் வைத்திருப்பவர்களும் அதை உணர்வார்கள்.

வெளிச்சத்தை அவசியம் பாருங்கள். 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வீட்டுக்குள் போதும். ஜன்னலோரத்திலும் சைட்டிலும் வேலை என்றால் 400-க்குக் குறைந்து எடுக்காதீர்கள். நிறத்தை நம்பி வேலை செய்பவர்கள் 45 சதவீதம் என்.டி.எஸ்.சி. (திரை காட்டும் நிறங்களின் பரப்பைச் சொல்லும் ஓர் அளவுகோல்) என்று போட்டிருக்கும் திரையைத் தொடவே வேண்டாம். எஸ்.ஆர்.ஜி.பி. என்ற இன்னொரு நிற அளவுகோலில் 100 சதவீதம் வேண்டும். சில விளையாட்டு லேப்டாப்களில் உள்ளே எல்லாம் பிரமாதமாக இருந்து, திரை மட்டும் வெளிறிப்போய் இருக்கும்.

கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர், எண் பகுதி இல்லாத கீபோர்டு என்றால் லேப்டாப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. நாள் முழுக்க எண் அடிப்பவருக்கு அது அத்தியாவசியம். ஆனால் அவரும் எண் அடிப்பது மேஜையில்தான் என்பதால், சின்ன லேப்டாப்போடு ஒரு தனி கீபோர்டு வாங்கிக் கொடுத்தோம். இன்றுவரை அதில் சந்தோஷமாக இருக்கிறார். எண் பகுதி உள்ள லேப்டாப்பில் டச்பேடும் எழுத்துக் கீகளும் இடது பக்கம் தள்ளிப் போயிருக்கும் என்பதையும் உட்கார்ந்து அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

போர்ட் விஷயம் எளிது. தினமும் எதைச் சொருகுகிறீர்கள் என்று எழுதிவைத்து, அது மெஷினிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு ஹப் வாங்க வேண்டும், அதையும் பையில் போட வேண்டும்.

பிறகு மாற்ற முடியாதது எது?

சின்ன லேப்டாப் வாங்கும்போது ரேமை இன்றைய தேவைக்கு வாங்கக் கூடாது. மெல்லியவற்றில் பெரும்பாலும் ரேம் மதர்போர்டிலேயே சோல்டர் செய்து வருகிறது. நாளைக்குப் போதவில்லை என்றால் சேர்க்க வழியில்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் திரையில் படம் காட்டவும் அதே ரேமிலிருந்துதான் ஒரு பங்கு போகும். அதனால் 16 ஜி.பி.க்குக் கீழே வேண்டாம். ஐந்து வருஷம் வைத்துக்கொள்ள நினைத்தால், ப்ராசசரில் ஒரு படி இறங்கியாவது 32 ஜி.பி. எடுங்கள் என்பேன். ப்ராசசர் ஒரு படி கூடுவதால் கிடைக்கும் வேகம் கண்ணுக்குத் தெரியாது. ரேம் போதாமல் போனால் ஒவ்வொரு நிமிஷமும் தெரியும்.

பெரிய லேப்டாப்களில் பலவற்றில் இரண்டு ரேம் ஸ்லாட் இருக்கும். அங்கே இன்று 16 வாங்கிவிட்டுப் பிறகு கூட்டலாம். வரும்போது ஒரே ஸ்டிக்காக வருகிறதா, இரண்டாக வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்டிக் இருந்தால் ப்ராசசருக்கும் ரேமுக்கும் நடுவே பாதை இரட்டிப்பாகும். ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம், மேக் தவிர மற்றவற்றில் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளலாம்.

எந்த வேலைக்கு எது

எழுத்து, கணக்கு, படிப்பு, மீட்டிங், வெப் வேலை என்றால் சின்னது. இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

வீடியோ எடிட்டிங் என்றதும் எல்லோரும் பெரியதை நோக்கி ஓடுகிறார்கள். இன்றைய சின்ன லேப்டாப் ப்ராசசர்களுக்குள்ளேயே வீடியோவைப் பிரித்துப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. போனில் எடுத்த 4கே காட்சிகளை வெட்டி, ஒட்டி, நிறம் திருத்தி வெளியிடுவது அவற்றால் முடியும். பல அடுக்கு எஃபெக்ட், இரைச்சல் நீக்கல், மணிக்கணக்கான எக்ஸ்போர்ட் என்று போனால்தான் பெரியது தேவை. எங்கள் எடிட்டரிடம் எக்ஸ்போர்ட் எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டேன். சாப்பிடப் போகும்போது, வீட்டுக்குப் போகும்போது என்றார். மெஷின் தனியாக ஓடப்போகும் நேரத்தில் அது பத்து நிமிஷம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் யாருக்கு நஷ்டம்? நீங்கள் முன்னால் உட்கார்ந்து காத்திருக்கும் நேரத்தை மட்டும் எண்ணுங்கள்.

முப்பரிமாண மாடலிங், ரெண்டரிங், பெரிய சிமுலேஷன், புதிய கேம்கள் எல்லாம் பெரியது. இதில் சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். எந்திரத் தொழில்நுட்பம் படிப்பவர்களும் கட்டிடக் கலை படிப்பவர்களும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சாலிட்வொர்க்ஸ், ரெவிட் என்ற வடிவமைப்பு மென்பொருள்கள் இரண்டும் விண்டோஸுக்கானவை, மேக்குக்குக் கிடையாது. இன்டெல், ஏ.எம்.டி.யிலிருந்து வேறு வகையான ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்கள் 2024 முதல் நிறைய வருகின்றன. பேட்டரி அருமையாக நிற்கிறது. ஆனால் அவற்றில் சில பழைய மென்பொருளும், சாதனங்களின் டிரைவரும் ஓடாமல் போகலாம். கல்லூரியிலோ வேலையிலோ கட்டாயமாகச் சொல்லும் மென்பொருளின் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு எடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு மாடல்களை மெஷினிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு முக்கியம் கிராபிக்ஸ் கார்டின் மெமரி. 700 கோடி அளவுருக்கள் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) உள்ள மாடலை, எண்ணுக்கு 4 பிட்டாகச் சுருக்கினால் ஏறக்குறைய 4 முதல் 5 ஜி.பி. பிடிக்கும், 8 ஜி.பி. கார்டில் அடங்கும். இதற்கான மென்பொருள் நூலகங்கள் பலவும் என்விடியா கார்டில் மட்டும் ஓடும் கூடா (CUDA) என்ற தொழில்நுட்பத்தை நம்பி எழுதப்பட்டவை என்பதையும் மனதில் வையுங்கள்.

இரண்டுமே வேண்டும் என்பவர்களுக்கு

தனி கிராபிக்ஸ் கார்டோடு 14 இன்ச்சில், ஒன்றரை முதல் 1.8 கிலோவுக்குள் வரும் மாடல்கள் உண்டு. நன்றாகவே இருக்கின்றன. ஆனால் சின்ன உடம்பில் பெரிய வெப்பம் என்பதால் ஃபேன் கத்தும், கீபோர்டின் மேல் பகுதி சுடும். வாங்குவதற்கு முன் அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டுவிடுங்கள். பக்கத்தில் குழந்தை தூங்கும் வீட்டில், நூலகத்தில், ஒரே அறையில் பலர் இருக்கும் விடுதியில் அது பெரிய தொந்தரவு.

கனமான வேலையை ஒரே இடத்தில்தான் செய்கிறீர்கள் என்றால் நான் விரும்பிச் சொல்வது வேறு வழி: அந்த இடத்தில் ஒரு டெஸ்க்டாப், கையில் ஒரு சின்ன லேப்டாப். டெஸ்க்டாப்பில் அதே வேகம் குறைந்த செலவில் கிடைக்கும், பழுது பார்ப்பதும் எளிது. வெளியே இருக்கும்போது ரிமோட் டெஸ்க்டாப் மூலம் லேப்டாப்பிலிருந்தே அதை இயக்கலாம். டெஸ்க்டாப்பில் விண்டோஸ் ப்ரோ பதிப்பு இருந்தால்தான் விண்டோஸின் சொந்த ரிமோட் வசதி வேலை செய்யும். ஹோம் பதிப்பு என்றால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்ற ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். எங்கள் வரைபடக்காரர்களில் இருவர் இப்படித்தான் சைட்டிலிருந்து மாடலைத் திறந்து காட்டுகிறார்கள். இணைய இணைப்பு நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

சின்ன லேப்டாப்பில் தண்டர்போல்ட் என்ற அதிவேக போர்ட் இருந்தால் அதில் வெளியே ஒரு கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தும் வழியும் இருக்கிறது. பெட்டி, கார்டு, பவர் சப்ளை என்று செலவு ஏறும், கேபிள் வழியாகப் போவதால் கார்டின் வேகத்தில் ஒரு பங்கு குறையும், எம் சிப் மேக்குகளில் இதற்கு ஆப்பிளின் ஆதரவு கிடையாது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

வாங்கிய பிறகு

திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும் நாட்களிலேயே இந்த மூன்று சோதனைகளையும் செய்துவிடுங்கள். உங்களுடைய மிகக் கனமான வேலையை அரை மணி நேரம் விடாமல் ஓட்டுங்கள். முதல் ஐந்து நிமிஷத்துக்கும் கடைசி ஐந்து நிமிஷத்துக்கும் வேகம் எவ்வளவு இறங்குகிறது, கை வைக்கும் இடம் சுடுகிறதா என்று பாருங்கள். இன்னொரு நாள் முழு சார்ஜோடு, சார்ஜரை எடுக்காமல் வெளியே போய் வழக்கமான வேலையைச் செய்து, எத்தனை மணிக்கு அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரவில், வீடு அமைதியாக இருக்கும்போது, ஒரு வீடியோ காலில் பேசிக்கொண்டே ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். மூன்றில் எது பிடிக்கவில்லையோ அது பழகப் பழகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாமல், மாற்றிக்கொள்ளுங்கள்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால், பெரியதோ சின்னதோ, மேஜையில் எந்நேரமும் பிளக்கிலேயே இருக்கப்போகிறது என்றால், தயாரிப்பாளரின் செட்டிங்ஸில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று தேடி முதல் நாளே போட்டுவிடுங்கள். எப்போதும் 100-லேயே நிற்கும் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தேயும்.